விலை உறுதிமொழி ஆகாது

விலை கூடிய மடிக்கணினியே வீட்டில் நீண்டகாலம் உழைக்கும் என்ற வாதம், விலையையும் நம்பகத்தன்மையையும் ஒன்றாகக் கருதுவதால் பிழைபடுகிறது. கூடுதல் விலையில் கணிசமான பங்கு மெல்லிய உடலமைப்புக்கும் விளையாட்டுகளுக்கான வரைகலைச் செயலிக்கும் போகிறது. மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்திலோ கிள்ளான் தாமான் வீட்டிலோ பிள்ளைகளின் பாடத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் பயன்படும் கணினிக்கு அவை தேவையில்லை. மெல்லிய உடலமைப்புக்காக, செயலி உடனுக்குடன் கையாளும் தற்காலிக நினைவகமாகிய ரேம், பல மாதிரிகளில் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படுவதால், 8 ஜிபி போதாமற்போகும் நாளில் அதைக் கூட்ட வழியின்றிக் கணினியையே மாற்ற நேர்கிறது. ஆகவே 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எனப்படும் அசையும் பாகங்களற்ற சேமிப்பகம், மாற்றத்தக்க பேட்டரி, அருகிலேயே சேவை மையம் ஆகிய நான்கையும் லோயாட் பிளாசா கடைகளில் விலைக்கு முன்பே விசாரிக்க வேண்டும். வாங்கிய கணினி விரைவில் பழுதானால் சட்டமும் துணைநிற்கிறது: மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்துடன் நீடித்துழைக்க வேண்டும் என்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞரின்றியே நுகர்வோர் தீர்ப்பாயத்தில் முன்வைக்கலாம். குடும்பத்தின் பணத்தைக் காப்பவை தேர்ந்த கேள்விகளும் பத்திரப்படுத்திய ரசீதுமே; விலைச்சீட்டில் உள்ள பெரிய எண் அன்று.