அடைக்கலம் தந்தால் வாய் பேசக் கூடாதா?

அமெரிக்காவில் ஐன்ஸ்டைன் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால், காலுறை போடாத கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதை வேறு. 1933 தொடங்கி நாஜி அரசு அவருடைய வங்கிக் கணக்கு, கோடை வீடு, பாய்மரப் படகு என ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டது. பிரின்ஸ்டனுக்கு வந்தவர் 1935 முதல் மெர்சர் தெருவில், முன்திண்ணை வைத்த சாதாரண மரவீடு ஒன்றில் குடியிருந்தார். கார் ஓட்டப் பழகவே இல்லை. வேலைக்கு நடந்தே போவார். திரும்பும்போது கணித மேதை கெடெலுடன் ஜெர்மன் மொழியில் பேச்சு. விடுமுறையில் சின்னதாக ஒரு படகு, கையில் வயலின். வந்த இடத்தில் ஒதுங்கி, நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

அவர் அப்படி இருக்கவில்லை. 1937இல் கச்சேரிக்கு வந்த கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு ஊர் விடுதி இடம் மறுத்தது. ஐன்ஸ்டைன் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1940இல் குடியுரிமை பெற்ற பிறகும் அடங்கவில்லை. 1946இல், கறுப்பின மாணவர்கள் படித்த லிங்கன் பல்கலைக்கழகத்துக்கே போய், நிறவெறி வெள்ளையரைப் பிடித்த நோய் என்றார். எஃப்.பி.ஐ. அவரைப் பற்றிச் சேர்த்த கோப்பு 1,400 பக்கங்களைத் தாண்டியது.

தஞ்சம் கொடுத்த நாட்டைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஊரின் அநியாயத்தைத் தட்டிக் கேட்பவன்தான் அந்த ஊரைத் தன் ஊராக நினைக்கிறான். விருந்தாளிக்குத்தான் எதுவும் கண்ணில் படாது.