கடல் கிடந்த மண்ணில் கற்பனை நூல்கள்

சென்ற கல்வியாண்டில் ஒருநாள், மாணவி ஒருத்தியின் தந்தையார் எம் துறை நூலகத்திற்கு வந்தார். மகள் எடுத்துச் சென்றிருந்த அறிவியல் புனைகதை நூலை மேசைமீது வைத்து, "பாடம் படிக்கவே நேரம் போதாத பிள்ளைக்கு இந்தப் பொய்க்கதை எதற்கு ஐயா?" என்று வினவினார். அவர் குரலில் சினமில்லை. வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவரின் கவலையே இருந்தது. அன்று யான் தக்க விடை கூறினேனில்லை. அக்கடனை இங்குத் தீர்க்க முயல்கின்றேன்.

மெய் எது, பொய் எது என்று நம் வட்டாரத்து மண்ணையே கேட்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டில் நிலவியலறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த அம்மரத்தின் அகவை சற்றொப்ப 12 கோடி ஆண்டுகள். காரை ஓடைகளில் சுருள் வரியோடிய கடலுயிர்க் கற்கள் கிடைக்கின்றன. ஈண்டுக் கடல் கிடந்தது! அரியலூரின் சிமெண்டு ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் எச்சமே. இதனைக் கதையாக எவரேனும் எழுதியிருப்பின் நாம் நம்பியிருப்போமா?

இன்னும் வியப்பானது கல்லமேடு. அங்குக் கிடைத்த பேருருவ விலங்கொன்றின் எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி எனும் இரு நிலவியலாளர் 1980களில் எழுதினர். தரைவாழ் உயிர்களில் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர். ஆயின் அவ்வெலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்தன, எஞ்சியவை படங்களே. பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் 1864இல் எழுதிய பூமியின் மையத்துக்கான பயணக் கதையில் ஐஸ்லாந்து எரிமலை வழியே இறங்குவோர் நிலத்தடிக் கடலையும் பண்டை விலங்குகளையும் காண்கின்றனர். நம் பிள்ளைகள் அதனைப் படித்தால், அடுத்த முறை காரையைக் கடக்கும்போது பேருந்தின் சன்னல் வழியே ஒருமுறையேனும் வெளியே நோக்குவர்.

இத்தகைய நூல்கள் நம் சமுதாய மரபுக்கு அயல் என்பார்க்கு ஒன்று கூறுவேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹை இப்னு யக்ளான்', ஆளில்லாத் தீவில் மான் வளர்த்த குழந்தை தன் அறிவினாலேயே இறைவனை உணரும் கதை. 1671இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா அதனைப் பயின்றது. தமிழில் 1572இல் அரங்கேறிய 'ஆயிர மசலா'வும், கிஸ்ஸாக்களும் வியப்பை வாயிலாகக் கொண்டு அறிவு புகட்டியவைதாமே!

எனினும் அத்தந்தையார் முதலில் படிக்க வேண்டியது 'சுல்தானாவின் கனவு'. வங்கத்துப் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய இச்சிறு கதை 1905இல் வெளிவந்தது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில். அக்கதை நாட்டில் ஆடவர் வீட்டினுள் இருப்பர். பெண்கள் பல்கலைக்கழகங்களை நடத்துவர். மேகத்திலிருந்து நீர் இறக்குவர். கதிரவன் வெப்பத்தால் சமைப்பர். அவ்வெப்பத்தையே பாய்ச்சிப் பகையை ஓட்டுவர். எள்ளல் கூரியது, ஆடவர்க்கு உறைக்கும், எனக்கும் உறைத்தது. ரொக்கையாவுக்கு முறையான பள்ளிக் கல்வியில்லை. தமையனாரே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். கனவு எழுதிய அதே கை 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தத் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டுப் பெற்றவர் அவர். 'பொய்க்கதை' எழுதியவரின் மெய்ச்செயல் இது.

தமிழில் புதிதாகத் தொடங்குவோர்க்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நல்வாயில். நாம் இப்போது கடந்துவிட்ட 2020களின் தொடக்கத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டது அது. இல்லாத தலைவனொருவனை ஒளியுருவாகக் காட்டி மக்களை ஆளும் சூழ்ச்சி, பொய்ப் படங்கள் மலிந்த இந்நாளில் கதையாகவே தோன்றவில்லை. ஜீனோ எனும் இயந்திர நாயைச் சிறுவரும் விரும்புவர். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு மேல்நாட்டு வார்ப்பைத் தவிர்த்து நம் மெய்யியலையும் மருத்துவ மரபையும் அறிவியலோடு உரசிப் பார்க்கின்றது. க.சுதாகரின் '6174' கப்ரேகர் எனும் மராட்டியக் கணித ஆசிரியர் கண்ட எண்ணைத் தலைப்பாகக் கொண்ட புதினம். நான்கும் ஒன்றாயிராத நான்கிலக்க எண்ணொன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். செய்து பாருங்கள்! செய்திகளின் நெருக்கம் சிலவிடங்களில் கதையை அமுக்குகின்றதாயினும் விறுவிறுப்புக் குன்றவில்லை.

குறையொன்று உண்டு. கல்மரத்தையும் கல்லமேட்டு எலும்பையும் களமாகக் கொண்ட தமிழ் அறிவியல் புதினம் எதுவும் என் கண்ணிற்பட்டிலது. சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் வந்து எழுதுவர் என்று காத்திருப்பதில் பொருளில்லை. எழுத வேண்டியவர் இங்கேயே இரண்டாமாண்டு வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும்.

திருப்பித் தரப்பட்ட நூலை அம்மாணவியின் பெயரிலேயே மீண்டும் பதிந்து எடுத்து வைத்துள்ளேன். தந்தையாருக்கென ரொக்கையாவின் கதையைப் படியெடுத்து அதனுள் செருகியிருக்கின்றேன்.