மூட்டை சுமந்தவனும் படம் போட்டவர்களும்

லண்டன் நகரத்தின் பழைய அச்சுச் சித்திரங்களைப் புரட்டினால் ஓர் உருவம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நீண்ட தாடி, வளைந்த மூக்கு, தோளில் மூட்டை, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தொப்பிகள். பழைய துணி வாங்கத் தெருத்தெருவாய்க் கூவித் திரிந்த ஏழை யூத வியாபாரி அவன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ரோலண்ட்ஸன் போன்ற கைதேர்ந்த ஓவியர்கள் அவனைத் தீட்டினார்கள். சீமான்கள் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நாம் ஒரு கேள்வி கேட்போம். அவன் ஏன் மூட்டை சுமந்தான்?

அது அவனுடைய பிறவிக் குணம் என்கிறது சித்திரம். சரித்திரம் சொல்வது வேறு. 1290-இல் யூதர்களை இங்கிலாந்து நாடு கடத்தியது. 1656-க்குப் பிறகே அவர்கள் அங்கே மீண்டும் பகிரங்கமாக வாழ முடிந்தது. லண்டனின் மையமான சிட்டி எல்லைக்குள் சில்லறைக் கடை வைக்க அக்காலத்தில் நகர உரிமை வேண்டியிருந்தது. 1830 வரை யூதருக்கு அது மறுக்கப்பட்டது. கடைக் கதவைச் சட்டம் அடைத்தது. ஏழை யூதன் தெருவுக்கு வந்தான். தெருவுக்கு வந்தவனைப் பார்த்து, "இவன் ஜாதியே இப்படி!" என்று படம் போட்டார்கள்!

1753-இல் வெளிநாட்டில் பிறந்த யூதர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாக வழிசெய்யும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. கேலிச்சித்திரங்களும் துண்டுப் பிரசுரங்களும் கிளப்பிய கூச்சலில் சில மாதங்களிலேயே அது ரத்தாயிற்று. தெருவில் யூதர்களை விரட்டியதையும், தாடியைப் பிடித்து இழுத்ததையும், காறித் துப்பியதையும் தையல் தொழிலாளியாயிருந்து அரசியல் கிளர்ச்சிக்காரரான பிரான்ஸிஸ் பிளேஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் படங்களில் காணாமற்போனவர்கள் யார்? பழைய கோட்டைக் காசாக்கிய கனவான் இல்லை. டவர் கோட்டைக்கு அருகே கூடிய கந்தைச் சந்தையில் அதே கோட்டை வாங்கி உடுத்திய கூலிக்காரன் இல்லை. இருவருக்கும் நடுவே கால் தேய நடந்தவன் மட்டும் கேலிப் பொருளானான்!

இது வெறும் பழங்கதையல்ல. 1923-இல் ஜூலியஸ் ஸ்ட்ரைஹர் என்ற நாஜி, 'டெர் ஸ்ட்யூர்மர்' பத்திரிகையைத் தொடங்கினான். அதே மூக்கு, அதே தாடி! 1938-இல் அவனுடைய பதிப்பகம் 'விஷக் காளான்' என்ற குழந்தைகளுக்கான படப் புத்தகத்தை வெளியிட்டது. அதிலும் ஒரு யூத வியாபாரி, கிராமத்துப் பெண்ணைத் துணி விற்று ஏமாற்றுகிறான். வேலையின்றித் தவித்த ஜெர்மானியத் தொழிலாளிக்கு ஆயுத முதலாளி குரூப்பை நாஜிகள் காட்டவில்லை, மூட்டைக்காரனைக் காட்டினார்கள். பிறகு அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக ஸ்ட்ரைஹர் 1946-இல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய ஆயுதம் அச்சு யந்திரம்.

ரோலண்ட்ஸன் விஷவாயு அறை கட்டினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏழையின் தொழிலை அவன் இனத்தின் குணமாகக் காட்டும் அச்சு, கொலைகாரன் கைக்கு எட்டும் இடத்தில் தயாராயிருந்தது.

இன்றும் பிழைப்புத் தேடி வந்த அந்நியனைக் கோரமாகத் தீட்டும் படங்கள் எத்தனையோ தேசங்களில் வெளியாகின்றன. அத்தகைய படம் கைக்கு வரும்போது உழைக்கும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதில் யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள்?