ஊராட்சிகளுக்கு உரிய காலத்தில் தேர்தலும் உரிய அதிகாரமும் கோரி விழுப்புரம் மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கப்படும் கோரிக்கை மனு

விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 688 கிராம ஊராட்சிகள் உள்ளன. 2016 அக்டோபரில் இவற்றின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்கள் வாக்களித்தபோது, கள்ளக்குறிச்சி பிரிந்ததால் வார்டு மறுவரையறை முடியவில்லை என்று விழுப்புரம் ஒதுக்கி வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே தேர்தல் வந்தது. ஒரு மன்றத்தின் முழு ஆயுளும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் கழிந்தது.

ஒலக்கூர் ஒன்றியத்திலோ மயிலம் ஒன்றியத்திலோ ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் கருகினால், காலிக் குடங்கள் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலுக்கு வரும். தனி அலுவலர் காலத்தில் அந்தக் குடங்களுக்கு வாசல் இல்லை. பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். ஐம்பது ஊராட்சிகளைப் பார்க்கும் அலுவலர் வெளியே போயிருந்தால் மறுநாளும் போக வேண்டும்.

இப்போதைய மன்றங்களின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. 2019இல் வாக்களித்த மாவட்டங்களில் 2025 ஜனவரியிலேயே தனி அலுவலர்கள் வந்துவிட்டதால், எல்லாவற்றையும் சேர்த்து நடத்தலாம் என்ற காரணம் எழக்கூடும். அதற்கு இடமின்றி, வாக்காளர் பட்டியலும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் 29 துறைகளை ஊராட்சிகளுக்கென வரிசைப்படுத்தியது. சிறு பாசனமும் அதில் ஒன்று. நடப்பிலோ பெரிய ஏரி நீர்வளத் துறைக்கு, சிற்றேரி ஒன்றியத்துக்கு; வரத்து வாய்க்காலின் குப்பைதான் ஊராட்சிக்கு. சிற்றேரிப் பராமரிப்பைக் கிராம ஊராட்சியிடம், நிதியோடு, ஒப்படைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். நிதி என்பது அழுத்திச் சொல்ல வேண்டிய சொல். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்றே கட்டிவைக்கப்பட்டதால், ஏரிக்குத் தனி நிதி வேண்டும்.

ஓர் ஒப்பீடு: மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் மாவட்ட நிர்வாகத் தலைவரை அதிபரே நியமிக்கிறார். மன்ற உறுப்பினர்களிலும் ஒரு பகுதியினர் நியமனம்தான். ஆனால் நாட்டு வருவாயில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் மாவட்ட மன்றங்களுக்குத் தர வேண்டும் என்று 1992 அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே ஊராட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆனால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205 அவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தருகிறது. மன்றத்தின் கருத்தைக் கேட்டாலும் முடிவு ஆட்சியருடையது. ஆட்சியரிடமே இதைச் சொல்வது சங்கடம்தான். எனினும் இந்தப் பிரிவின் மறுஆய்வுக்கு அவர் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளை ஒட்டிய ஊராட்சிகள் எதையும் கிராம சபையின் ஒப்புதலின்றி அவற்றோடு இணைக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு வேலை நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உரிய துறை 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.