கொழுக்கட்டைக்கு ஒரு கிரீடம்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். இலை கொள்ளாமல் பரிமாறுவார்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும். கை கழுவிவிட்டு வரும் பெண்ணிடம் அதே வீட்டில் ஒருவர் கேட்பார்: "என்ன ஆத்தா, இப்படி ஊதிட்ட? பாக்க வர்றவுக என்ன சொல்லுவாக?"

ஊட்டுவதும் அவர்களே, எடை போடுவதும் அவர்களே!

2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'டம்ப்ளின்' படம் பேசுவது இதைத்தான். டம்ப்ளிங் என்றால் கிட்டத்தட்ட நம்ம ஊர்க் கொழுக்கட்டை. டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். முன்னாள் அழகுராணியான அம்மா (ஜெனிஃபர் அனிஸ்டன்) தான் இப்போது அங்கே அழகிப் போட்டியை நடத்துகிறார். பருமனான மகள் வில்லோடீனுக்கு (டேனியல் மெக்டொனால்ட்) அவர் வைத்த செல்லப்பெயர்தான் டம்ப்ளின். வீட்டுக்குள் செல்லம், வெளியில் கேலி. ஒருநாள் மகள், வேண்டுமென்றே அம்மாவின் போட்டியிலேயே பெயர் கொடுத்துவிடுகிறாள். கூடவே இன்னும் சில 'பொருந்தாத' பெண்கள். பிறகென்ன, ஒரே கலாட்டாதான் :)

தமிழ் சினிமாவில் குண்டுப் பெண் என்றால் பெரும்பாலும் காமெடி டிராக்தான். அனுஷ்கா எடை கூட்டி நடித்த 'இஞ்சி இடுப்பழகி' (2015) நல்ல முயற்சி. ஆனால் அதன் கதையும் எடை குறைக்கும் நிலையத்தைச் சுற்றித்தான் போகிறது. 'டம்ப்ளின்' படத்தில் நாயகி இளைக்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை! பதிவு செய்ததை மாற்றி மேடையேறியதால் தகுதியிழக்கிறாள். அவள் முகத்தில் அப்போதும் தோல்வி தெரிவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணுக்கு மார்க் போட இந்தப் போட்டி எதற்கு என்று படம் கடைசிவரை அழுத்திக் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் கொஞ்சம் சுலபமாகவே சமாதானமாகிவிடுகிறார்கள். டாலி பார்ட்டன் பாடல்கள் வந்து அந்த ஓட்டைகளை மூடிவிடுகின்றன.

ஆனாலும் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார் இயக்குநர் ஆன் ஃப்ளெட்சர். இந்தப் பெண்ணை அதிகம் காயப்படுத்துவது வில்லன் அல்ல, அவள் மேல் பாசம் வைத்திருக்கும் அம்மாதான். அந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. கல்யாண வீட்டில் கேள்வி கேட்டவருக்கும் தெரியாது. அவரும் அக்கறையில்தான் கேட்கிறார்.

அக்கறை என்பதற்காக வலி குறைந்துவிடுமா? அடுத்த பந்தியில் அந்தக் கேள்வி வாய்வரை வந்தால், இன்னொரு கரண்டி பாயசம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். புண்ணியமாகப் போகும்.