கொழும்பில் இரண்டறை வீடு

கொழும்பில் இரண்டு படுக்கையறை கொண்ட தொடர்மாடி வீடொன்றை வாடகைக்குத் தேடுபவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னரே தம்மைப் பற்றிய விசாரணைக்கு ஆயத்தமாக வேண்டும். சொந்த ஊர் எது? குடும்பத்தில் எத்தனை பேர்? சைவமா, அசைவமா? பிள்ளைகள் சிறியவர்களா? வெளிநாட்டில் யாரேனும் இருக்கின்றார்களா? கடைசிக் கேள்வியை வெறும் குசலவிசாரிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வாடகை தவறாமல் வருமா என்பதை வீட்டுக்காரர் அதைக் கொண்டே அளக்கின்றார். கனடாவில் அண்ணன் இருப்பவருக்குக் கதவு சற்று அகலமாகவே திறக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஒருகாலத்தில் முற்றமும் மாமரமும் கொண்ட தனி வீடுகள் இருந்தன. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களுக்கு அவை போதவில்லை. வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றில் கணிசமானவற்றை வாங்கியவர்கள் புலம்பெயர்ந்த நம்மவர்கள். ஆண்டில் ஒரு மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து தங்குவார்கள். மீதி நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். அதே மாடியில் வாடகை வீடு கேட்டு நாள்தோறும் ஆட்கள் ஏறி இறங்குவார்கள்.

தமிழர்களுக்கு இந்நகரில் வீடு கிடைப்பது வெறும் பணவிடயமாக என்றுமே இருந்ததில்லை. 1983 ஜூலைக்குப் பின் வாடகை வீட்டின் முகவரியே அச்சத்துக்குரியதாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் ஓர் இரவு தங்குவதும் ஆபத்தாக இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார். வாடகை ஒப்பந்தமோ பதிவோ கையில் இல்லாதவர் இந்நகரில் எத்தனை எளிதாக அகற்றப்படக்கூடியவர் என்பதை அந்த ஒரு காலைப்பொழுது காட்டிவிட்டது.

இவ்வளவையும் அனுபவித்த நாம், நம் கையில் வீடு இருக்கும்போது எப்படி நடந்துகொள்கின்றோம்? 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்ற வரியைப் பத்திரிகைகள் எத்தனை ஆண்டுகளாகக் காசு பெற்று அச்சிட்டு வருகின்றன! அது உணவைப் பற்றியது மட்டுமன்று என்பது விளம்பரம் கொடுப்பவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். மலையகத்திலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் இளைஞனுக்கு வெள்ளவத்தையில் 'வீடு போய்விட்டது' என்ற பதில் கிடைக்கின்றது. அடுத்த வாரமும் அதே வாயிலில் பலகை தொங்குகின்றது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் முஸ்லிம் குடும்பங்களிடமும் வீட்டுக்காரர்கள் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். கேட்டவர்களில் தமிழரும் இருந்தனர்.

அடுத்தது முற்பணம். ஆறு மாதம், ஒரு வருடம், சிலர் இரண்டு வருட வாடகையையே ஒரேயடியாகக் கேட்கின்றார்கள். இதற்கு மேல் தரகருக்கு ஒரு மாத வாடகை, தொடர்மாடியின் பராமரிப்புக் கட்டணம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் இதற்கு நகையை அடகு வைப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? வீட்டுக்காரர் சொல்லும் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலத்த பாதுகாப்பளித்தது. மறுவருடம் வந்த வீட்டு உச்சவரம்புச் சட்டம் மேலதிக வீடுகளை அரசுடைமையாக்கியது. கொடுத்த வீடு திரும்பி வராது என்ற பயம் அக்காலத்தில் வேரூன்றியது. வெளியேற்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதும் உண்மை.

ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்தாக 2023இல், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீளப்பெறுவதற்கென்றே தனிச்சட்டம் கொண்டுவரப்பட்டது. உரிமையாளரின் குறை கேட்கப்பட்டாயிற்று. அப்படியாயின் இரண்டு வருட முற்பணத்துக்கு இன்னும் என்ன காரணம் இருக்கின்றது? மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுத்து, பெற்ற தொகைக்குப் பற்றுச்சீட்டைக் கட்டாயமாக்கி, வீட்டை விடும்போது அது இத்தனை நாளுக்குள் திரும்பவேண்டும் என்று வரையறுப்பது பெரிய காரியமன்று. சுவருக்கு வர்ணம் பூசவேண்டும் என்று சொல்லி முற்பணத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளும் வழக்கத்தை இது ஒன்றே நிறுத்தும்.

கொழும்பில் வாக்குக் கேட்டு வரும் தமிழ் அரசியல்வாதிகளுக்கு இது ஒரு நல்ல வேலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வாக்காளரில் எத்தனை பேர் வாடகைக் குடியினர் என்பதை வீடு வீடாக ஏறியிறங்கும் அவர்களுடைய ஆதரவாளர்களே சொல்வார்கள். வாக்காளர் இடாப்பில் வாடகைக் குடியினரின் பெயரைப் பதியச் சில வீட்டுக்காரர்கள் சம்மதிப்பதில்லை என்பதையும் அவர்களிடமே கேட்டறியலாம்.