பி.டி. பீரியடைத் திருடும் கணக்கு வாத்தியார்கள்

ராஜபாளையம் ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகட்டும், எந்தப் பள்ளிக்கூட டைம் டேபிளிலும் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும். பத்தாவது, பிளஸ் டூ என்றால் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு உள்ளே வருவார். "போர்ஷன் முடியலப்பா!" அவ்வளவுதான். பி.டி. சார் பாவம், பரீட்சை பேப்பர் கட்டிக்கொண்டிருப்பார்.

கேட்டால் ரிசல்ட் என்பார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் வருடக்கணக்காக மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டம் ஆச்சே! பெருமைதான், யார் இல்லை என்றது? ஆனால் விளையாடினால் மார்க் குறையும் என்று எந்த ஆராய்ச்சி சொன்னது?

சொன்னது தலைகீழாக இருக்கிறது. 2007ல் ஜெர்மனியில் 27 பேரை வைத்துப் பார்த்தார்கள். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு தடவை மூச்சிரைக்க ஓடிவிட்டு, புதுச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்துவிட்டுப் படித்ததைவிட 20 சதவீதம் வேகமாக மண்டையில் ஏறியது. மெதுவாக நெடுநேரம் ஓடியபோது அந்தப் பலன் இல்லை! வேர்க்க விறுவிறுக்க ஓடும்போது நரம்பு செல்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுகிறது. தசையில் சுரக்கும் லாக்டேட்டை மூளை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கிறது.

வயசானவர்களுக்கும் உண்டு. 2011ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு வருடம் வாரம் மூன்று நாள் வேகமாக நடந்தவர்களுக்கு, ஞாபகத்தைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. வெறுமனே கை காலை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியது.

ஓடினாலே சென்டம் வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. படிக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொல்லிவிட்டது. இங்கே வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட், அதுவும் பறிபோகிறது. "சாயங்காலம் விளையாடட்டுமே" என்பவர்கள் ராத்திரி வரை ட்யூஷன் அனுப்புகிறவர்கள்தான்!

வேட்டைநாயைக் கட்டியே போட்டால் கெட்டுப்போகும் என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளை மட்டும் பெஞ்சில் கட்டிப் போடுவார்களாம் :-)

கணக்கு வாத்தியாருக்கு நிஜமாகவே கணக்கு மேல் அக்கறை என்றால், முதல் பீரியடில் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடட்டும். அடுத்த பீரியடை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.